கிர்க் தனியாகவே காய்க்கும்

ஆடி 4, திங்கள்
காலையிலிருந்தே காற்று. மாடியில் காயப்போட்ட புடவை பக்கத்து வீட்டுத் தென்னையில். வாங்க வேண்டியவை: பால், நல்லெண்ணெய், அம்மாவுக்குக் கால்வலித் தைலம்.

துறைத் தலைவர் சேகர் போன். "மேடம், அந்தக் குரோஷியா ஸ்லைடு அனுப்பிடுங்க. வியாழக்கிழமை அங்கே லும்பார்தாவிலேருந்து ஒரு திராட்சைத் தோட்டக்காரர் வர்றார், நான் பேசணும்."

போன வருடமும் இதேதான். குரோஷியாவின் சொந்தத் திராட்சைகளைப் பற்றி என் கேட்டரிங் மாணவர்களுக்காக நான் உட்கார்ந்து செய்தது. சென்னைக் கருத்தரங்கில் அவர் பெயரில் வந்தது. பொன்னாடையோடு போட்டோ வேறு. வயிறு இன்னும் எரிகிறது.

ஆடி 5, செவ்வாய்
ஸ்லைடுகளைத் திறந்தேன். போஷிப், வெள்ளை. பிளாவாட்ஸ் மாலி, கருஞ்சிவப்பு. கிர்க்: கோர்ச்சுலா தீவு, லும்பார்தா ஊர். தன் மகரந்தம் தனக்கு உதவாது. பக்கத்தில் பிளாவாட்ஸ் மாலி இருந்தால்தான் காய்க்கும். ஒயின் பாட்டிலில் கிர்க் பெயர் மட்டும். முதல் தடவை படித்தபோதே சேகர் ஞாபகம்தான்.

அம்மா: "என்னடி படிச்சிண்டிருக்கே?"
"திராட்சைம்மா."
"உடம்புக்கு நல்லது. சித்த வந்து தளிகைக்குக் காய் நறுக்கு."

ஸ்ரீரங்கத்துப் பெண் ஒயின் பாடம் நடத்துகிறாள் என்று வீட்டில் இன்னும் சொல்லவில்லை. நானும் முகர்ந்ததோடு சரி.

காயை நறுக்கிவிட்டு வந்து ஒரே ஒரு வரியை மாற்றினேன். 'கிர்க் தனியாகவே காய்க்கும்.' அனுப்பியாயிற்று. லும்பார்தாக்காரர் முன்னால் நன்றாகப் படட்டும்.

ஆடி 6, புதன்
மன்னார்புரம் வரை பஸ்ஸில் நின்றபடி. மனசு கேட்கவில்லை. மாணவர்களும் இருப்பார்களே, திருத்திவிடலாமா?

மதியம் சேகர்: "மேடம், நாளைக்கு வடை, காபி ஏற்பாடு நீங்க பாத்துக்குங்க."

திருத்தவில்லை.

ஆடி 7, வியாழன்
காற்று நின்று புழுக்கம். வடை வந்தது, சட்னி வரவில்லை. கேன்டீனுக்கு நானே ஓடினேன்.

திரும்பியபோது சேகர் அந்த வரியைக் கணீரென்று படித்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் லும்பார்தாக்காரர் சிரித்துவிட்டார். எங்கள் தோட்டத்தில் அது தனியாகக் காய்த்ததே இல்லையே என்றார், ஆங்கிலத்தில். ஹால் முழுக்கச் சிரிப்பு. அடடா, என்ன இனிப்பு!

சேகர் மைக்கோடு என் பக்கம் கையை நீட்டினார். "ஸ்லைடு பூரா மேடம் பண்ணினது சார். நான் படிச்சேன், அவ்வளவுதான்."

நான் ஏங்கிய வார்த்தை. மாணவர்கள் எல்லாரும் கேட்க. எல்லா முகமும் என் பக்கம், அதே சிரிப்போடு. என் கையில் சட்னி வாளி.

சேகர் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார்.

அவனை விட மாட்டேன்.