பால் வண்டிக்காரன் வயிறு

கண்ணு திவ்யாவுக்கு, அப்பா எழுதுவது. மெல்பர்னில் நீயும் உன் வேலையும் அந்தக் குளிரும் ஒருத்தருக்கொருத்தர் ஒத்துப்போய் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மா சுகம், வீடு சுகம், வயிறு ஒன்றைத் தவிர நானும் சுகம். வாட்ஸ்அப் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குத் தபால்தலை ஒட்டிக்கொண்டிருக்கிறான் என்று நினைப்பாய். பேசினால் என் வாய் முந்திக்கொள்கிறது, எழுதினால் கை வலிக்கிறது, அதனால் யோசித்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது. பஃபலோ ரோட்டு ஓரம் வண்டியை நிறுத்தி, கடைசிப் பால் கிரேட்டை இறக்கின களைப்போடு ஸ்டியரிங் மேல் தாளை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அது முதல் காரணம், என் படிப்பு இரண்டாவது காரணம்.

அன்றைக்குப் போனில் நீ கேட்டது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. தாலி கட்டி முடிந்ததும் உனக்கும் ரித்திக்குக்கும் கொடுக்கிற பால் பழத்தில் பாலை மட்டும் குடிக்கமாட்டேன் என்றாய். வளர்ந்த மனுஷருக்கு மாட்டுப்பால் எதுக்குப்பா, அது கன்றுக்குட்டிக்கு உள்ளது என்றாய். அதைக் கேட்டதும் அவ்வளவு கோபம் எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. இருபத்தாறு வருஷமாகத் தேக்கா முழுக்கக் கடை கடையாகப் பால் இறக்கி உன்னைப் படிக்க வைத்தேன், அந்தப் பால் இப்போது உனக்கு ஆகாததாகப் போய்விட்டதா, பால் வேண்டாம் என்றால் அதை ஏந்திக்கொண்டு நிற்கிற அப்பனும் வேண்டாம் என்று கத்திவிட்டேன். நீ, சரிப்பா, நாங்க ரெண்டு பேரும் இங்கேயே ரெஜிஸ்டர் பண்ணிக்கிறோம் என்று சொல்லி வைத்துவிட்டாய். இன்றோடு பத்தொன்பது நாள். உங்கள் ஊர்ப் பக்கத்து மாட்டுப்பால் கடல் தாண்டி வாரம் தவறாமல் என் வண்டிக்கு வந்து சேருகிறது, உன் போன்தான் வரவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லவேண்டும். உன்னிடம் கத்தின அன்றைக்கு நானே பாலை நிறுத்திப் பத்து நாள் ஆகியிருந்தது. பல மாதமாகச் சாப்பிட்ட அரை மணி நேரத்தில் வயிறு உப்பிக்கொண்டு, சிக்னலில் நிற்கிற பழைய லாரி மாதிரி உறுமும். பழியை முகம்மது யூசுப் கடை ஆட்டுக்கால் சூப் மேல் போட்டுவந்தேன். பாலிகிளினிக்கில் ஒரு சீனப் பொண்ணு, சின்ன வயசு டாக்டர், எதற்கும் இரண்டு வாரம் பாலை நிறுத்திப் பாருங்கள் அங்கிள் என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, பால்காரனுக்கே பால் ஆகாது என்றால் எவன் என்னிடம் வாங்குவான்? அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. காலையில் அவள் கொடுக்கிற டம்ளரை ரகசியமாக ஸிங்க்கில் ஊற்றிவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டு வருவேன். இரண்டு வாரம் ஆகியும் உறுமல் நிற்கவில்லை. பெரிய வெற்றியோடு டாக்டரிடம் போய், பார்த்தீர்களா, பால் மேல் குற்றமே இல்லை என்றேன். வேறு என்ன குடிக்கிறீர்கள் என்று கேட்டாள். ஒன்றுமில்லை, ஒரு நாளைக்கு அஞ்சு டீதான் என்றேன். டீயில என்ன ஊத்துறாங்க அங்கிள், பால்தானே லா என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அந்த அஞ்சு டீக்கும் பால் இறக்கினதே நான்தான் கண்ணு! ஆனாலும் அவள் சொல்கிற வரைக்கும் அது என் புத்தியில் ஏறவில்லை. டம்ளரில் வெள்ளையாக இருந்தால்தான் எனக்குப் பால். டீ என்றால் டீ, தயிர்சாதம் என்றால் சாதம். பெரியவர்கள் நிறையப் பேருக்குப் பால் செரிக்காது, எனக்கும்தான், இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று அந்தப் பொண்ணே சமாதானம் சொல்லி அனுப்பினாள். யூசுப்பிடம் போய்ப் பால் இல்லாத டீ கேட்டால், கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, நம்ம பால்காரருக்கு ஒரு டீ ஓ, பாலைக் கண்ணுல காட்டிடாதே, பயந்துடுவாரு என்று உள்ளே கத்துகிறான். கத்தட்டும். பதினாலு நாளாக வயிறு வாயை மூடிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்துத்தான் நானும் வாயை மூடிக்கொண்டு யோசிக்க ஆரம்பித்தேன்.

அம்மாவிடம் போன வாரம் ஒப்புக்கொண்டேன். பால் ஆகாததில் அவளுக்குக் கோபம் இல்லை, தினமும் ஆற்றி ஆற்றிக் கொடுத்ததைச் சொல்லாமல் கொட்டினதில்தான் கோபம். அவளுக்கு மட்டும் பால் நன்றாகவே ஒத்துக்கொள்கிறது, இன்றைக்கும் எனக்கு எதிரே உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டே குடித்தாள். ஞாயிற்றுக்கிழமை உட்லண்ட்ஸ் போய் ரித்திக்கின் அம்மாவையும் பார்த்தேன். பால் பழத்தில் மாட்டுப்பால் இருக்காது சம்பந்தி, கோபித்துக்கொள்ளாதீர்கள் என்று ரயிலில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். ரத்தினம்மா எனக்கும் தனக்கும் கறுப்புக் காப்பி கொண்டுவந்து வைத்தார். நான் சுற்றி வளைத்துச் சொல்லி முடிப்பதற்குள், எனக்கு இருபது வருஷமா ஆகாது அண்ணே, கல்யாண வீட்டில மரியாதைக்கு ஒரு வாய் குடிச்சிட்டுப் பந்திக்கு முன்னாடியே வீட்டுக்கு ஓடியிருக்கேன் என்றார். ரித்திக்கிடம் சொல்லிவிடாதீர்கள் என்றும் சொன்னார். நான் சொல்லவில்லை, எழுதிவிட்டேன், அவ்வளவுதான்.

பெரியவர்கள் பால் குடிக்கலாமா கூடாதா என்று இப்போது என்னைக் கேட்டால், அவரவர் வயிற்றைக் கேள் என்பேன். கன்றுக்குட்டிக்கு உள்ளது என்றாயே, அது வேறு விஷயம். என் வண்டியில் கிரேட் ஏறுகிறது, கன்றுக்குட்டி ஏறுவதில்லை, அதனால் நான் அதை நினைத்துப் பார்த்ததில்லை. இனிமேல் நினைக்காமல் இருக்கவும் முடியாது போலிருக்கிறது. ஆனாலும் நாளைக் காலையில் பால் இறக்கப் போவேன், இந்த வயசில் எனக்குத் தெரிந்த வேலை அதுதான். நீ பாலைத்தான் வேண்டாம் என்றாய். உழைப்பை வேண்டாம் என்றதாக நினைத்துக்கொண்டு ஆடினவன் நான். அது உன் தப்பு இல்லை. காத்தோங் கோயிலில் எடுத்த கல்யாணத் தேதியை நான் இன்னும் விடவில்லை. மார்க்கெட்டில் சோயாப்பால் வாங்கி, வாழைப்பழம் நறுக்கிப் போட்டு, நானும் அம்மாவும் இரண்டு தடவை சாப்பிட்டுப் பார்த்துவிட்டோம். முதல் தடவை சீனி அதிகம், இரண்டாவது தடவை சரியாக இருந்தது. ஊட்டுவது அம்மாவும் ரத்தினம்மாவும். டம்ளரை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நிற்கிற வேலை எனக்கு வேண்டும் கண்ணு. வேறு எதையும் கேட்கவில்லை.

நீயும் ரித்திக்கும் நோய்நொடி இல்லாமல், சண்டை போட்டாலும் அன்றன்றைக்கே பேசி முடித்துக்கொண்டு, நிறைந்து வாழவேண்டும். பால் குடிக்காதவர்கள் சுண்ணாம்புச் சத்துக்குக் கீரையும் சோயாவில் செய்கிற தவ்வும் விடாமல் சாப்பிட வேண்டுமாம், டாக்டர் பொண்ணு சொன்னாள், மறந்துவிடாதே. இதைப் படித்ததும் போன் பண்ணாதே, பண்ணினால் நான் பேசிக் கெடுத்துவிடுவேன். சரிப்பா என்று ஒரு வரி மட்டும் அனுப்பு. அன்றைக்குச் சொன்னாயே, அதே சரிப்பாதான். இந்தத் தடவை இதற்குச் சொல்.

டம்ளரோடு காத்திருக்கும்
உன் அப்பா,
பால்வண்டி பரமசிவம்