விதைப்பானையில் மூன்று மாத்திரைகள்

அக்கா,

நீ போனபின் வந்த முதல் விதைப்பு இது. உன் மருமகள் விதைப்பானையைத் திறந்தபோது நானும் விளாத்திகுளத்து வீட்டில் இருந்தேன். சாம்பலும் காய்ந்த வேப்பிலையும் கலந்த வாசனை எழுந்தது. நீயே உள்ளே வந்து நிற்பதுபோல் இருந்தது. கம்பை அள்ளிய அவள் கையில் ஒரு காகிதப் பொட்டலம் அகப்பட்டது. பிரித்தால், மூன்று சல்பா மாத்திரைகள்.

சிரிப்பு வந்தது. பின்னாலேயே கோபமும் வந்தது. அது உன்மேல் இல்லை என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

உன் மகன் சிறுவனாக இருந்தபோது அவனுக்குச் சீதபேதி கண்டது. புதுமழை ஊரின் அழுக்கையெல்லாம் ஊருணியில் கொண்டு சேர்த்திருந்தது. கோவில்பட்டி மருந்துக்கடையில் வாங்கிய, கிருமியைக் கொல்லும் இதே சல்பா மாத்திரை ஒரே நாளில் கடுப்பை நிறுத்திவிட்டது. மதுரையில் கிருமிகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறவன் என்ற உரிமையில், மீதியையும் கொடுத்து முடிக்கச் சொன்னேன்.

"நின்னு போச்சுல்லா, பெறவு எதுக்குலே முழுங்கணும்? வெதக் கம்பை யாராச்சும் பொங்கித் திம்பாவளா?" என்றாய்.

மானம் பார்த்த கரிசலில் எதையும் தீரச் செலவழிக்காமல் வாழ்ந்தவள் நீ. மருந்திலும் பாதி பானைக்குள் போனது. "மதினி, பிள்ளைக்கு வயித்தால போகுது, ஒண்ணு கெடக்கா?" என்று வேலிக்கு அப்பாலிருந்து கேட்ட எவரும் வெறுங்கையோடு திரும்பியதில்லை. 'டாக்டரம்மா' என்று கேலி செய்தவர்களிடம், "பீசு வாங்காத டாக்டரம்மால்லா!" என்று நீயும் சிரித்தாய்.

அந்தக் கடைக்காரரிடம் ஒருமுறை கேட்டேன், மருந்தை ஏன் பாதியாக விற்கிறீர்கள் என்று. "அண்ணாச்சி, ஒரு வாரம் முழுங்குறதெல்லாம் படிச்சவிய வயித்துக்கு. நம்மாளுக்கு ரெண்டு நாளு போதும்" என்றார். அருகில் நின்ற மருத்துவர் ஒருவரும் புன்னகைத்தார். அந்தப் புன்னகையை நான் மன்னிக்கவில்லை.

இந்தக் கோடைமழைக்குப் பின் நீயே படுத்தாய். பானை மாத்திரை கேட்கவில்லை; கடை மாத்திரையும் கேட்கவில்லை. ரயிலேற்றி மதுரைக்குக் கொண்டுவந்தார்கள். உன் வயிற்றிலிருந்த கிருமியை எங்கள் ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்து, மருந்து தோய்த்த காகித வில்லைகளை அதன்மேல் வைத்தேன். வேலை செய்யும் மருந்தைச் சுற்றிக் கிருமி முளைக்காத வெற்றிடம் தெரியும். மறுநாள் சல்பா வில்லையின் விளிம்புவரை அவை அடர்ந்து கிடந்தன. பின்னால் வந்த மருந்துகளில் இரண்டைச் சுற்றியும் அப்படியே.

"என் மாத்திரை ஊருக்கெல்லாம் கேட்டுச்சே, எனக்கு மட்டும் ஏன்லே கேக்கல?" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி கேட்டாய்.

"மழை பொய்ச்ச வருசம் நம்ம கம்பங்காட்டுல எல்லாம் கருகி, நாலஞ்சு கதிரு மட்டும் நின்னுச்சே. அத என்ன செஞ்சே?"

"வெதைக்கு எடுத்தேன்."

"மறுவருசம்?"

"காடு பூரா அதோட வம்சந்தான். வெயிலுக்கு அசையல." சொல்லிவிட்டு நீ என்னையே பார்த்தாய். "அப்போ என் வயித்துலயும் அப்படித்தான் நின்னுச்சோ? நாந்தான் வெத எடுத்து வச்சேனோ?"

"நீ இல்லக்கா. பாதிய வித்தவன்."

"ஏலே, அவன வையாதே. அர்த்தராத்திரி தட்டுனாலும் கதவத் தொறக்குறவன் அவன் ஒருத்தந்தான்."

நீ புரிந்துகொண்டது சரி. மருந்து எந்தக் கிருமிக்கும் பலத்தைக் கற்றுத்தருவதில்லை. கோடிக்கணக்கானவற்றில் தற்செயலாக மாறிப் பிறந்த சில அதைத் தாங்கிக்கொள்கின்றன. மற்றவை மடிய, காலியான இடத்தில் அவையே பெருகுகின்றன. இன்னொன்றையும் உனக்குச் சொல்ல நினைத்திருந்தேன். நீ வேலிக்கு மேலே விதை மாற்றிக்கொள்வதுபோல், குடலுக்குள் ஒரு கிருமி தன் எதிர்ப்பை வேற்றினக் கிருமிக்கும் கொடுக்கிறது. தீங்கற்றதாகக் குடியிருக்கும் ஒன்று, நோய் தரும் ஒன்றுக்கு. சொல்ல நேரம் இல்லை. உனக்குக் கேட்கக்கூடிய மருந்து ஒன்று மிஞ்சியிருந்தது. அதைக் கண்டுபிடித்து ஏற்றுவதற்குள் உன் உடம்பு வற்றிவிட்டது.

நீ அறியாமல் மிச்சம் பிடித்தாய். அறிந்தே பாதியாகக் கொடுப்பவர்கள் இன்றும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள், அதே புன்னகையோடு.

பொட்டலம் என் கையில் இருக்கும்போதே உன் பக்கத்து வீட்டுக்காரி வேலியோரம் வந்தாள். "அண்ணாச்சி, அது மதினி மாத்திரைதான? எம் மவனுக்கு நேத்துலேருந்து ரத்தமாப் போகுது. ஒண்ணு தாங்க."

தரமாட்டேன் என்றேன்.

"மதினி இருந்தா இல்லேங்க மாட்டாவ."

அவளையும் பிள்ளையையும் கோவில்பட்டி பேருந்தில் ஏற்றி, மருத்துவரிடம் காட்டி, அவர் எழுதிய புதிய மருந்தை முழுதாக வாங்கிக்கொண்டு திரும்பினேன். இரண்டு நாளில் பையன் உப்புக் கஞ்சியைத் தள்ளிவிட்டுக் கருவாடு கேட்டான். அன்று மாலையே அவள் மீதிக் கேப்சூல்களோடு வந்து நின்றாள்.

"நின்னு போச்சு அண்ணாச்சி. இத மதினி பானையில போட்டு வைக்கவா?"

கோபிக்க முடியவில்லை, அக்கா. உன் குரலே அது. மதுரைக்கு ஏறவேண்டிய பேருந்தை விட்டுவிட்டேன். வேளை தவறாமல் வேலியோரம் போய் நின்றேன். "காவக்காரர் வந்துட்டாவ, வாயத் தொறலே" என்று அவள் சிரித்தாள். கடைசிக் கேப்சூல் அவன் தொண்டையில் இறங்கியதைப் பார்த்த பிறகே மதுரை திரும்பினேன்.

உன் மூன்று மாத்திரைகள் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. கோபம் ஆறும்போதெல்லாம் திறந்து பார்க்கிறேன். பானையில் கம்பு மட்டும் இருக்கிறது.