கொட்டகையில் ஒரு உடைந்த பலகை

ஐயோவா, அக்டோபர்

அன்பு மருமகனே,

இதையெல்லாம் நான் அன்றைக்கே சொன்னேன். ஏழு வயதில் நீ பேஸ்பாலை எறிந்து மாட்டுக் கொட்டகைப் பலகையை உடைத்தபோது, "இவன் சிகாகோவையே ஆட்டி வைப்பான்" என்றவன் நான்தான். பந்து எறிந்து எறிந்தே உன் முழங்கை போகும் என்பதும் தெரியும். அதைச் சொல்லத்தான் மனசு வரவில்லை.

நீ சிகாகோ டீமில் சேர்ந்தபோது உயரத் தண்ணீர்த் தொட்டியில் ஊர் எழுதிய உன் பெயர் அப்படியே இருக்கிறது. பெயின்டர் வெண்டல் அழிக்க ஏறினான். "டீமே அவனக் கழட்டி விட்டுருச்சு, இன்னும் பேரு எதுக்கு?" என்றான். "எறங்குடா, இல்ல ஏணிய உருவிருவேன்" என்றேன். குரங்கு மாதிரி இறங்கினான்.

வெட்கப்பட்டுக்கொண்டு நீ வீட்டுக்கு வராமல் இருக்கிறாயாம். உன் அப்பாவிடம் கேட்டேன். "தோத்தவன்னு எவன் சொன்னான்? வரச் சொல்லு மச்சான்" என்று கண் கலங்கினார்.

அது மட்டும் நான் கட்டிவிட்டது. மற்றதெல்லாம் சத்தியம். உன் பேச்சை எடுத்தால் அவர் வாயே திறப்பதில்லை. நேற்று குளிர்காற்றில் கன்று நடுங்கியது. "இத்தன வருசமாச்சு, அந்தப் பலகைய மாத்தக் கூடாதா?" என்றேன். ஓட்டையில் சாக்கைச் செருகிவிட்டு, "அவன் ஒடச்சது, கெடக்கட்டும்" என்றார்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்