பிளாட்டினம் இறங்கிய மாதங்கள்

9.8.2008 சனி

அப்பாவும் அம்மாவும் தூங்கிவிட்டார்கள். போர்வைக்குள் டோச் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

இன்றும் பிளாட்டினம் விலை இறங்கிவிட்டது. சனிக்கிழமைகளில் அப்பா இரத்தினபுரியில் கல் வியாபாரம் செய்யும் மஹ்ரூப் முதலாளிக்குப் போன் எடுத்துக் கேட்பார். மே மாதம் அவரிடம்தான் வாங்கினார். நிவித்திகல மாணிக்கக் குழியில் நீலக்கல் அகப்பட்டு, அப்பாவின் பங்காக வந்த காசு முழுவதும் ஒரே ஒரு பிளாட்டினம் நாணயமாகிவிட்டது. அதை விற்று, தோட்டத்து லயத்து அறையை விட்டு வெளியேறி ரோட்டோரம் காணி வாங்குவதாகப் பேச்சு.

"ஏறும், எறங்கும். பொறுமை வேணும் இந்திரகுமார்" என்று முதலாளி அப்பாவிடம் அன்றைக்கே சொன்னாராம். அப்பாவுக்கு 'ஏறும்' மட்டும்தான் கேட்டிருக்கிறது.

17.8

மாணிக்கக் குழிக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. பெண்கள் கிட்டே போகக் கூடாது. கல்லின் பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. அப்பா அதையெல்லாம் நாணயத்துக்கும் வைத்துவிட்டார். எங்கள் வீட்டில் அதற்கு 'அது' என்றுதான் பெயர். சாமிப் படத்துக்குப் பின்னால் சிவப்புத் துணியில் இருக்கிறது. அம்மாவும் நானும் தொடக் கூடாது.

"எங்கயோ மெசின்ல அடிச்ச காசுக்கு நம்ம ஊரு பூதம் காவலாக்கும்?" என்று அம்மா சிரித்தார்.

அப்பா சிரிக்கவில்லை.

13.9

தொட்டுவிட்டேன். அப்பா குழிக்கும் அம்மா கொழுந்து பறிக்கவும் போயிருந்த நேரம்.

பிளாஸ்டிக் உறைக்குள் வெள்ளையாக இருந்தது. அவ்வளவு சின்னது எப்படி இவ்வளவு கனக்கும்? கீழேயிருந்து யாரோ கையைப் பிடித்து இழுப்பது போல இருந்தது. எவ்வளவு நேரம் வைத்திருந்தும் சூடு ஏறவில்லை.

மாலையில் அப்பா போன் எடுத்தார். இதுவரை இல்லாத அளவுக்கு விழுந்திருக்கிறது.

என்னாலா?

25.10

வாங்கியதில் பாதி விலைகூட இல்லை. மஹ்ரூப் முதலாளி போனில் கத்தியது எனக்கே கேட்டது. "ஒலகம் பூரா எறங்குது. கார் செய்றவனுக்குத்தான் இது கூடத் தேவ, அவனே வாங்குறான் இல்ல. ஒங்கட ஊட்டுல நடந்த குத்தமா இது? பேசாம வச்சிக்கிட்டு இரிங்க."

அப்பா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கொழுந்துக் கூடையைத் தராசில் மாட்டுவதற்கு முன்னால் ஒரு பார்வை பார்ப்பார்களே, அப்படி.

2.11

ஒரு கட்டாடி வந்தார். பேய் ஓட்டுகிறவர், புதையலும் பார்ப்பாராம். சிங்களத்தில்தான் பேசினார்கள். அடுப்படியில் இருந்த எனக்கு எல்லாம் விளங்கியது. புதையல் எடுத்தால் அதைக் காவல் காப்பதற்கு ஓர் உயிர் கொடுக்க வேண்டுமாம். கொடுக்காததால்தான் இறங்குகிறதாம்.

"கோழி போதுமா?" என்று அப்பா கேட்டார்.

பதிலுக்குக் கட்டாடி நான் பிறந்த நேரத்தைக் கேட்டார்.

அப்பா சொன்னார். நிமிடம்கூடத் தப்பவில்லை.

3.11

தூக்கம் வரல. அப்பா அப்படிச் செய்வாரா? எனக்குக் காய்ச்சல்னா முதுகுல தூக்கிக்கிட்டு டிஸ்பென்சரிக்கு ஓடுற அப்பா. செய்ய மாட்டாரு.

அப்புறம் ஏன் வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் வேணாம்னாரு? ஏன் எனக்குப் புதுச் சட்டை?

5.11

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்தத் தடவை அம்மா சிரிக்கவில்லை. என் புத்தகங்களை உரப் பையில் போட்டுக் கட்டினார்.

"காலையில மொத பஸ்ல தெரணியகலைக்குப் போற. சின்னம்மா டவுன்ல நிப்பா. அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்."



20.12

சின்னம்மா வீட்டுக்கு வந்து ஒன்றரை மாதம். யாரும் தேடி வரவில்லை.

15.3.2009 ஞாயிறு

அப்பா வந்தார். நான்கு மாதத்துக்குப் பிறகு.

நன்றாகச் சவரம் செய்து, பிஸ்கட் பக்கெட்டுடன் வந்தார். சின்னம்மா வாசலை மறித்து நின்றார். "புள்ளைய என்னா செய்யப் பாத்தீங்க மச்சான்?"

"வெளக்கு ஏத்தத்தான் கூப்புட்டேன். வேற ஒன்னும் இல்ல" என்றார் அப்பா. குரலில் கோபமே இல்லை. உள்ளே வரவும் இல்லை. என்னை வெளியே கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்.

"ஏறுது சுமித்ரா. நீ வீட்ட விட்டுப் போன நாள்ல இருந்து ஏறுது."

"அப்ப நான் எப்பப்பா வீட்டுக்கு வர்றது?"

என் தலையைத் தடவக் கையைக் கொண்டுவந்தவர், தொடாமலே எடுத்துக்கொண்டார்.

"வராதம்மா. வாங்குன வெலைக்கு இன்னும் பாதி தூரம் இருக்கு."

பிஸ்கட் பக்கெட்டை என் காலடியில் வைத்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. படையல் வைத்துவிட்டுப் போகிறவர்கள் அப்படித்தான் போவார்கள்.