சிவப்பு அம்பு ஸ்டிக்கர்

ஆம்பூர்
7 ஜூலை 2024

அன்புள்ள ஜஹீரா,

உடனே போனை எடுத்து "இன்னாடி, பைத்தியமா?" என்று கேட்டுவிடாதே. ஒரு மாதம் நமக்குள் போன் கிடையாது. இணையத்தில் 'தாளும் விரலும்' என்று ஒரு குழு, எழுத ஆசைப்படுகிறவர்களுக்காக. போன மாதம் சேர்ந்தேன். நெருங்கிய ஒருவருக்குக் கையால் கடிதம் எழுதுவதுதான் முதல் பயிற்சி. குழுவை நடத்தும் ராமமூர்த்தி சார் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர், வேறென்ன சொல்வார்? நீயும் தாளில்தான் பதில் போட வேண்டும்.

உன்னையும் கூப்பிட்டேன். காலேஜ் மலரில் மூன்று வருடமும் கதை எழுதியவள், "எனக்கு எங்கடி நேரம்" என்றுவிட்டாய்.

இங்கே எல்லோருக்கும் புனைபெயர். நான் 'பாலாற்றுக்காரி'. சிரிக்காதே. நம் கதையைப் போடுமுன் பத்துக் கதைகளுக்குக் கருத்துச் சொல்ல வேண்டுமாம். எல்லோரும் 'அருமை சகோதரி', 'கண் கலங்கியது' என்கிறார்கள். எனக்கு அது வரவில்லை. இருபத்திரண்டு வருடமாக ஷூ கம்பெனி செக்கிங் டேபிளில் நிற்கிறவள். குறை இருக்கிற இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டினால்தான் கை அடங்கும். ஆகவே நம்பர் போட்டு எழுதினேன். 'மூன்றாம் பத்தியில் கதாநாயகி விதவை. ஐந்தாம் பத்தியில் கணவனுக்குத் தோசை சுடுகிறாள். ரீவொர்க்.' கதை ஒவ்வொன்றுக்கும் பாஸ், ரீவொர்க், ரிஜெக்ட் மூன்றில் ஒன்று.

ராமமூர்த்தி சார் தனியாகச் செய்தி அனுப்பினார்: "மேடம், நாலு பேர் குழுவை விட்டுப் போய்ட்டாங்க. கொஞ்சம் மெதுவா ஒட்டுங்க."

உன்
ஃபீபி


மேல்விஷாரம்
15 ஜூலை 2024

அன்புள்ள ஃபீபி,

உன் கடிதம் முதலில் இவர் கையில்தான் கிடைத்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "கோர்ட்டு நோட்டீஸ் இல்ல. ஃபீபி வூட்ல யாருக்காவது ஏதாவது ஆய்டுச்சா?" என்றார். இந்தக் காலத்தில் கடிதம் என்றாலே மனுஷருக்கு பேஜாராகிவிடுகிறது.

அந்த நாலு பேரை நினைத்தால் பாவமாக இருக்கிறது. என் கத்தரிக்காய்த் தொக்கையே "உப்பு பாஸ், எண்ணெய் ரீவொர்க்" என்றவள் நீ. அதையும் வேலூர் கோட்டைப் பூங்காவில் உட்கார்ந்து டப்பாவிலிருந்து தின்றாய். நாம் சந்திப்பது எப்போதும் வேலூரில்தான். என் வீட்டு வாசல்படி உனக்கு என்ன பாவம் செய்ததோ!

ஒன்று கேட்கிறேன். அந்தக் குழுவில் 'வெண்பனி' என்று யாரோ 'வெறுங்கை' என்று ஒரு கதை போட்டிருக்கிறார்களாம். என் மகள் அம்பரீன் காட்டினாள். சுமாராக நன்றாக இருப்பதாக எனக்குப் பட்டது. நீ படித்தாயா? அவசரமில்லை. ஆனால் சீக்கிரம் சொல்.

ஜஹீரா


ஆம்பூர்
22 ஜூலை 2024

அன்புள்ள ஜஹீரா,

உனக்காகவே 'வெறுங்கை'யைத் தேடிப் படித்தேன். "கல்யாண வளையல் நான்தான் கொண்டுவருவேன், நீ வாங்காதே" என்று தோழி சொல்கிறாள். மணப்பெண் வெறுங்கையோடு மேடையில் காத்திருக்கிறாள். தோழி வரவே இல்லை. அவ்வளவுதான் கதை. நான் ஒட்டிய ஸ்டிக்கர்கள்:

1. தோழி ஏன் வரவில்லை? காரணமே இல்லை. இப்படி ஒருத்தி உலகத்தில் இருப்பாளா?
2. வளையல் வாங்காமல் இன்னொருத்தியை நம்பி உட்கார்ந்திருக்கிறாளே, மணப்பெண்ணுக்கும் கொஞ்சம் புத்தி வேண்டாமா?
3. இருபது வருடம் கழித்தும் இருவரும் சிரித்துப் பேசுகிறார்களாம். இவள் ஒருநாளும் கேட்கவில்லையாம், அவளும் சொல்லவில்லையாம். யார் நம்புவார்கள்?

ரிஜெக்ட். அந்தத் தோழியை எடுத்துவிட்டால் கதை தேறும் என்றும் எழுதிவிட்டேன். வெண்பனியிடமிருந்து இன்னும் பதிலே இல்லை. ரோஷக்காரி போலிருக்கிறது.

தொக்கில் எண்ணெய் ஜாஸ்திதான்.

உன்
ஃபீபி


மேல்விஷாரம்
29 ஜூலை 2024

ஃபீபி,

வளையல் இல்லை, செருப்பு. மண்டபத்திலிருந்து கார் வரைக்கும் மாமியாரின் செருப்பில் நடந்தேன். இரண்டு அளவு பெரிது.

காரணம் எழுதாததற்குக் காரணம், எனக்கே தெரியாது.

தோழியை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறாய். எடுத்துவிடட்டுமா?

வெண்பனி


ஆம்பூர்
4 ஆகஸ்ட் 2024

என் ஜஹீரா,

மூன்று தாள் கிழித்துவிட்டேன். ஸ்டிக்கரும் கையுமாக உட்கார்ந்தால் செருப்புத்தான் கண்ணில் படுகிறது, அதைப் போட்டிருக்கிற ஆள் தெரிவதில்லை.

2002. நான் வேலைக்குச் சேர்ந்து நாற்பது நாள். உன் நிக்காஹுக்கு என்று மானேஜரிடம் கெஞ்சி வாங்கிய வெள்ளைச் செருப்பு, நானே செக் செய்து பாஸ் போட்டது. ஞாயிறு காலை, ஆலயத்துக்குக் கூடப் போகாமல் பஸ் ஏறினேன். பள்ளிகொண்டா தாண்டும்போது ஆசை தாங்காமல் பெட்டியைத் திறந்தேன்.

இரண்டும் இடது கால்.

இறங்கி, திரும்ப ஆம்பூர் பஸ் பிடித்தேன். கம்பெனி கேட் பூட்டியிருந்தது. வாட்ச்மேன் பாண்டியன், "ஞாயித்துக்கெழமை கால் தேடி வந்தியாம்மா?" என்று சிரித்தார். அந்த கேட்டிலேயே மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தேன். வெறுங்கையோடாவது வந்திருக்கலாம். நம் காலேஜ் ஹாஸ்டல் தோழிகளிடமெல்லாம் 'குவாலிட்டி செக்கர்' என்று பீற்றிக்கொண்டவளுக்கு அது முடியவில்லை. பிறகு நீ கேட்பாய், சொல்லிவிடலாம் என்று இருந்தேன். நீ கேட்கவே இல்லை. கேட்காத உன் வீட்டு வாசலில் வந்து நிற்க எனக்குக் கால் வரவில்லை.

திங்கட்கிழமை தேடினேன். அந்த இரண்டு வலது காலும் ஏற்றுமதிப் பெட்டியில் ஏறிப் போய்விட்டன. ஜெர்மனியில் யாரோ ஒரு மணப்பெண் என்னைத் திட்டியிருப்பாள்.

இடது கால்கள் பீரோவிலேயே இருந்தன. பார்சலில் அனுப்புகிறேன். ரிஜெக்ட் ஒட்ட வேண்டியது உன் கதையில் அல்ல.

ஃபீபி


மேல்விஷாரம்
10 ஆகஸ்ட் 2024

அன்புள்ள ஃபீபி,

பார்சல் வந்தது. இவர் பார்த்துவிட்டு, "இன்னா ஜஹீரா, உனக்கு ஒரே கால்னு நெனச்சுட்டாளா உன் தோஸ்து?" என்றார். அரை மணி நேரம் சிரித்தேன். பிறகு கொஞ்சம் அழுதேன். அது எந்த ஸ்டிக்கரில் வரும் என்று தெரியவில்லை.

இரண்டையும் இடது காலில் போட்டுப் பார்த்தேன். இரண்டுமே கச்சிதம். என் அளவு ஐந்து என்று நினைவு வைத்திருந்தது பாஸ். காரணம் நம்பும்படி இல்லை, ஆனால் ஆதாரம் கையில் இருக்கிறது. இருபத்திரண்டு வருடம் வாயைத் திறக்காதது, இரண்டு பேருக்கும் ரீவொர்க்.

கதையில் தோழியை எடுக்கவில்லை. அவள் இனிமேல்தான் வர வேண்டும். வரும் 18ஆம் தேதி ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறு. வேலூரில் இறங்கி நிற்காதே, நேராக வீட்டுக்கு வா. பிரியாணி, கூடவே கத்தரிக்காய்த் தொக்கு, எண்ணெய் கம்மி.

கையில் என்ன கொண்டுவந்தாலும் சரி, வழியில் பெட்டியைத் திறந்து பார்க்காதே.

உன்
ஜஹீரா