மயில்கழுத்து நிறத்தில் ஒரு தொப்பி

என் ஆசை ராணிக்கு,

நல்ல சேதி சொல்லத்தான் எழுதுகிறேன். போன வாரம் எடுத்த ஸ்கேனில் எனக்கு ஒன்றும் இல்லையாம். "இனிமே அடிக்கடி வர வேணாம்மா, போயிட்டு வாங்க" என்றார் டாக்டர். வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்ததும் கை தானாகப் போனை எடுத்து உன் பெயரைத் தேடியது. நீ இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. புற்றுநோய் வந்தது எனக்கு. நன்றாக இருந்த நீ நெஞ்சுவலி என்று ஒரே பகலில் போய்விட்டாய். இது என்ன நியாயம் ராணி?

கீமோவில் என் முடி கொத்துக் கொத்தாகக் கழன்றபோது, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நல்லம்பள்ளியில் உன் பியூட்டி பார்லருக்குத்தான் வந்தேன். நீ கதவைச் சாத்திவிட்டு என்னைக் கண்ணாடி முன்னால் உட்கார வைத்தாய்.

"என்னடி மணி, களை வெட்டப் போறவ மாதிரி வந்திருக்க?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. விக் வைத்துப் பார்த்தோம். வெயிலில் தலை அரித்துத் தள்ளியது. அடுத்த வாரமே நீ கொக்கி ஊசியும் மெல்லிய பருத்தி நூலும் வாங்கி, போனில் வீடியோ பார்த்துத் தொப்பி பின்ன ஆரம்பித்துவிட்டாய். முதல் தொப்பி இட்லிப் பானை மூடி மாதிரி இருந்தது. அப்புறம் பின்னியவை அப்படியா இருந்தன? ஒரு பக்கம் சாய்ந்து, காதோரம் மடிந்து, பட்டுக் கரை மாதிரி விளிம்பு வைத்து... "பாவம்னு யாரும் பாக்கக் கூடாது. எங்க வாங்கினீங்கன்னு கேக்கணும்" என்றாய். கேட்டார்கள் ராணி. வார்டில் எல்லோரும் கேட்டார்கள். கூட வந்த நீயும் எல்லோருக்கும் பின்னித் தருவதாகச் சரி சரி என்று தலையாட்டினாய்.

நீ போன பிறகு உன் வீட்டுக்காரர் குமார் அண்ணன் நூல் பையைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். "தொப்பி கேட்டு இன்னும் போன் பண்றாங்கம்மா. ராணி இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வர்ல" என்றார். ஊசியைப் பிடிக்கவே தெரியாத நான் என்ன செய்வேன்? பின்னுவதும் பிரிப்பதுமாகவே இருந்தேன்.

அந்த நேரத்தில்தான் சுமதி வார்டுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். இண்டூரில் சாமந்தி போட்டிருப்பவள், எனக்குப் பக்கத்து நாற்காலியில் மருந்து ஏற்றிக்கொள்வாளே, அவள்தான். போன் போட்டாலும் எடுக்கவில்லை. பஸ் ஏறிப் போனேன்.

அவள் வீட்டுக்காரர் வாசலிலேயே மடக்கினார். "நீங்களாவது சொல்லுங்கக்கா. மிச்ச மருந்த ஏத்திக்க மாட்டேங்கறா. டாக்டரு பாதியில உடக் கூடாதுன்னாரு."

சுமதி உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "பஸ்ஸுல முக்காடு நழுவிப் போச்சுக்கா. பக்கத்துல ஒக்காந்திருந்த அம்மா எந்திரிச்சுப் பின்னால போயிட்டாங்க. இனிமே நான் வூட்ட உட்டு எங்கயும் வர்ல" என்றாள். தலையைத் தடவிக்கொண்டே, "தெனமும் கூடை கூடையா பூப் பறிக்கறேன். ஒண்ணு வெச்சுக்க எனக்கு முடி இல்லையே" என்றாள்.

கொடியில் காய்ந்துகொண்டிருந்த அவளுடைய மயில்கழுத்துப் புடவையைப் பார்த்துக்கொண்டே திரும்பினேன். அதே நிறத்தில் நூல் வாங்கினேன். உன் அளவுக்குக் கை ஓடாவிட்டாலும் தொப்பி தொப்பியாகவே வந்தது. காதுக்கு மேலே, பூக்காம்பு செருகி நிற்கும்படி சின்னதாக ஒரு வளையம் வைத்துப் பின்னினேன். அது என் சொந்த யோசனை, தெரியுமா?

எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தபோது சுமதி வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வளையத்தில் விரலை விட்டாள். "இது எதுக்குக்கா?" என்றாள். நான் வாயைத் திறக்கும் முன்னே அவள் வீட்டுக்காரர் தோட்டத்துக்கு ஓடிப்போய் ஒரு மஞ்சள் சாமந்தியைப் பறித்து வந்தார். அவரே செருகிவிட்டார். அவள் கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். "செவ்வாக்கெழமை வர்றேன்க்கா" என்றாள்.

வந்தாள். மிச்சம் இருந்த மருந்தையும் ஏற்றிக்கொண்டாள். ஒரு நாள் பஸ்ஸில் யாரோ அந்தத் தொப்பி எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டார்களாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். இப்போது அவளுக்கும் சோதனை முடிவு நல்லபடியாக வந்துவிட்டது. நேற்று போன் செய்து, "முடி மொளைக்குதுக்கா, முள்ளு முள்ளா குத்துது! ஆனா தொப்பிய மட்டும் திருப்பித் தர மாட்டேன்" என்கிறாள். எத்தனையோ மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த கல் இறங்கிவிட்டது ராணி. ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

அடுத்து, தொப்பூரிலிருந்து ஒரு கல்லூரிப் பெண் கேட்டிருக்கிறாள். அவளுக்குக் கறுப்புத்தான் வேண்டுமாம். அவள் அம்மாவோ, "கறுப்பு வேணாங்க, மங்களகரமா செவப்புல போட்டுக் குடுங்க" என்கிறார். நான் கறுப்பு நூல்தான் வாங்கி வைத்திருக்கிறேன். யார் தலையோ அவர்கள் ஆசைப்பட்ட நிறத்தில்தான் பின்னுவேன். யார் வந்து சொன்னாலும் மாற்ற மாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

கூடப் பிறக்காத உன் தங்கச்சி,
மணி