பட்டியலில் நான் சேர்க்காதது

நம் பள்ளி விழா மலரின் அச்சுப் படி, பிழை திருத்தித் தரச் சொல்லி, இன்று என் மயூர் விஹார் வீட்டுக்குத் தபாலில் வந்தது. மை வாசனை இன்னும் போகவில்லை. ஆசிரியர்கள் ஒருவர் வகுப்பில் ஒருவர் உட்கார்ந்து கற்கும் சனிக்கிழமைகளை மறுபடி ஆரம்பித்திருக்கிறார்களாம். அதை முதலில் தொடங்கியவள் நீ, உனக்குத் துணை நின்றவள் நான் என்று போட்டிருக்கிறார்கள். பின்பாதி பொய். அந்தப் பாதியை அடித்துவிட்டேன். என் கணவர் இருந்திருந்தால், நல்லதாகத்தானே எழுதியிருக்கிறார்கள், விட்டுவிடு என்பார்.

இங்கிலீஷ் ஆசிரியர்களுக்கான கோடைப் பயிற்சி முகாமுக்கு முதலில் என்னைத்தான் கூப்பிட்டார்கள். கான்வென்ட்டில் இங்கிலீஷ் படித்தவளுக்கு இவர்கள் என்ன சொல்லித்தரப் போகிறார்கள் என்று மறுத்தேன். நீ போனாய். திரும்பி வந்து இந்த யோசனையைச் சொன்னபோது ஸ்டாஃப் ரூமில் யாரும் நிமிரவில்லை. கணக்கு வாத்தியார் மட்டும், "மாமியார் வந்து சமையலறையை எட்டிப் பாக்கற மாதிரியா?" என்றார்.

"முதல்ல என் சமையலைப் பாருங்க சார்" என்றாய் நீ. பிறகு என்னிடம், "நீங்க வாங்க டீச்சர். தப்பு இருந்தா எழுதிக் குடுங்க."

வந்தேன். ஏழாம் வகுப்பைச் சரோஜினி நகர் சந்தையாக்கியிருந்தாய். பாதிப் பிள்ளைகள் கடைக்காரர்கள். மீதிப் பேர் ஸ்வெட்டருக்கு இங்கிலீஷில் பேரம் பேசினார்கள். முந்தைய வருஷம் முழுவதும் என் வகுப்பில் வாயே திறக்காத பெண் ஒருத்தி எழுந்து, கடைக்காரப் பையனை இந்தியில் அண்ணா என்று கூப்பிட்டு, "பையா, லாஸ்ட் வீக் யூ கிவ் மை சிஸ்டர் லெஸ்" என்று மடக்கினாள். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். 'கேவ்' என்னாமல் 'கிவ்' என்றாள் எனக் குறித்துக்கொண்டேன்.

அந்தப் பட்டியலை உன்னிடம் தனியாகக் கொடுத்திருக்க வேண்டும். ஸ்டாஃப் ரூமில் எல்லோர் முன்னும் வாசித்தேன். பத்தொன்பது பிழைகள், நான்கு உன்னுடையவை. அந்தப் பெண் பேசினாள் என்பதை எழுதவும் இல்லை, சொல்லவும் இல்லை.

"அச்சா, முகாமுக்குப் போயும் இவ்வளவுதானா?" என்றார் கணக்கு வாத்தியார்.

நீ காகிதத்தை வாங்கி மடித்துக்கொண்டாய். "தேங்க்ஸ் டீச்சர். நான் இன்னும் கத்துக்கணும்." நீங்களும்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை யார் வகுப்புக்கும் யாரும் போகவில்லை. அந்த டெர்ம் முடிவில் உன் கணவருக்கு மாற்றலாகி மதராஸ் போய்விட்டாய். ஓய்வு பெறும்வரை கதவைச் சாத்திக்கொண்டுதான் பாடம் நடத்தினேன். என் மாணவர்கள் இலக்கணத்தில் தவறியதில்லை. இப்போது பஸ்ஸில் பார்த்தால் என்னிடம் இந்தியில் நலம் விசாரிக்கிறார்கள்.

நீ இறந்த செய்தி எனக்கு மிகத் தாமதமாகத்தான் வந்தது. உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்று கேட்காமலே என்னோடு தங்கிவிட்டது. அதனால் இதை உன் மகளின் விலாசத்துக்கு அனுப்புகிறேன்.

இதைப் படிக்கிற மகளே, மதராஸில் உன் அம்மா மறுபடி பாடம் நடத்தப் போனாளா, இல்லை, என்னால் அதை விட்டேவிட்டாளா? எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம். எது நடந்ததோ அதை ஒரு கார்டில் எழுதிப் போடு.